சாரீரமும் சரீரமும்

என் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பதின்மூன்று வயது. குரல் உடைகிற பருவம். "அப்புச்சி!" என்று அவன் கூப்பிட்டால், முதல் எழுத்து குழந்தையின் வாயிலிருந்தும் கடைசி எழுத்து ஊர் மணியக்காரர் வாயிலிருந்தும் வருவது போல் இருக்கும். சென்ற கோடை விடுமுறைக்கு நாமக்கல் வந்திருந்தான். மலைக்கோட்டைப் பாறை சூடேறி, ஊரே அடுப்பு மேல் வைத்த கல்லாகக் காய்ந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், "ஒரு படம் போடறேன், கூட உக்காருங்க அப்புச்சி" என்று என்னைப் பிடித்துக்கொண்டான். இந்த வயதில் பேரப் பிள்ளைகள் கூப்பிட்டு உட்கார வைப்பதே பெரிய மரியாதை. உட்கார்ந்தேன்.

படத்தின் பெயர் 'ஸ்கை ஹை'. 2005ஆம் ஆண்டு டிஸ்னி கம்பெனியார் வெளியிட்ட குடும்ப நகைச்சுவைப் படம். வானத்தில் மிதக்கும் ஒரு பள்ளிக்கூடம். அங்கே போவதற்கு ஒரு பஸ், அதுவும் பறக்கிறது. படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஓர் அமானுஷ்ய சக்தி உடையவர்கள். கதாநாயகப் பையனின் தகப்பனாருக்கு யானை பலம். தாயார் ஆகாயத்தில் பறப்பாள். ஊரைக் காப்பாற்றுகிற வேலை இல்லாத நேரத்தில் இருவரும் வீடு, மனை விற்றுக் கொடுக்கிறார்கள்! இந்த ஒரு விஷயத்திலே அமெரிக்கர்களும் நாமும் அதிகம் வித்தியாசப்படவில்லை என்று தெரிகிறது. அத்தகைய பெற்றோருக்குப் பிறந்த பையனுக்கு மட்டும் ஒரு சக்தியும் இன்னும் வந்தபாடில்லை. முதல் நாள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் பிள்ளைகளை ஒவ்வொருவராக மேடையில் ஏற்றுகிறார். "உன் சக்தியைக் காட்டு" என்கிறார். ஒருவன் உருகித் தண்ணீராகிறான். ஒருத்தி சின்னஞ்சிறு சீமை எலியாக மாறுகிறாள். பார்த்த மாத்திரத்தில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்கிறார்: நீ நாயகன், நீ துணையாள். நாயகர் வகுப்பு வேறு, துணையாள் வகுப்பு வேறு. மேல்முறையீடு கிடையாது.

இந்த இடத்தில் நான் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அமெரிக்கர்கள் கற்பனை என்று நினைத்து எடுத்திருக்கிற இந்தப் பள்ளிக்கூடம் நம்முடைய தமிழ்நாட்டில் நிஜமாகவே இருந்தது. ஒன்றல்ல, பல இருந்தன. வானத்தில் மிதக்கவில்லை, ரயிலிலும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பாலர் நாடகக் கம்பெனி என்று பெயர். ஜனங்கள் வாயில் 'பாய்ஸ் கம்பெனி'.

நாடகம் ஏன் பிள்ளைகளின் கைக்குப் போயிற்று என்பது கொஞ்சம் வேடிக்கையான கதை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) பெரிய நடிகராகவும், நாடக ஆசிரியராகவும் விளங்கியவர். அக்காலத்துப் பெரிய நடிகர்களோ யாருக்கும் கட்டுப்படாதவர்கள். எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசமாட்டார்கள். மேடையிலேயே ஒருவரை ஒருவர் வாதுக்கு இழுப்பார்கள். வள்ளியும் வேலனும் கதையை மறந்துவிட்டு விடிய விடியத் தர்க்கம் செய்வார்கள். ஒத்திகை என்றால் அவர்களுக்கு அவமானம். இவர்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதைவிடக் களிமண்ணைப் போன்ற பிள்ளைகளை எடுத்துப் பிசைந்து உருவாக்கிவிடலாம் என்று சுவாமிகள் கருதியிருக்க வேண்டும். 1910ல் ஒரு சபை. பிறகு 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அந்த 1918லேயே டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சிறுவனுக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் உட்கார்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களோடு 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பிரசித்தமான சேதி. பிற்காலத்தில் ஔவை சண்முகமாகப் புகழ் பெற்றவர் அந்த அபிமன்யுதான்.

ஒரு கம்பெனி வெற்றி பெற்றால் போதாதா? ஜகந்நாதய்யர் கம்பெனி, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் மதுரை தேவி பால வினோத சங்கீத சபை, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனி என்று வரிசையாக வந்தன.

பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்? ஆசையினால் வந்தவர்களும் உண்டு. பசியினால் வந்தவர்களே அதிகம். கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் 1917ல் பிறந்து, தகப்பனை இழந்து, தாயோடும் அண்ணனோடும் கும்பகோணம் வந்து சேர்ந்த ஒரு பையன் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தான். அவன்தான் எம். ஜி. ராமச்சந்திரன். 1928ல் பிறந்த இன்னொரு பையன், தாய் தந்தை நன்றாக இருக்கும்போதே, "நான் அநாதை" என்று பொய் சொல்லிக் கம்பெனியில் இடம் பிடித்தான். அவன் சிவாஜி கணேசன். இப்போது சொன்னால் ரசமாக இருக்கிறது. அன்று அந்தத் தாய்மார் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று என்ன நினைத்தார்களோ!

கம்பெனி வீடு என்று ஒன்றை ஊர்தோறும் வாடகைக்குப் பிடிப்பார்கள். அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் படுக்கை, அங்கேதான் பாடம். ஹார்மோனியக்காரர் முன்னால் உட்கார்ந்து பாட்டு, பிறகு வசனம், நடை, ஆட்டம், கத்திச் சண்டை. பாடம் சொல்கிறவர் வாத்தியார். பின்னால் ஒரு நடிகரை லட்சக்கணக்கான ஜனங்கள் 'வாத்தியார்' என்று அழைத்தபோது, அந்தச் சொல்லில் கம்பெனி வீட்டுப் பிரம்பின் வாசனை இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும் நாடகம் விடியற்காலை வரை நடக்கும். நடு ராத்திரியில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசன் பாம்பு கடித்துச் சாகவேண்டும். சாகிற வேடத்துக்கு வந்த பையன் அப்படியே தூங்கிப் போனால் அதைவிட இயற்கையான நடிப்பு வேறென்ன வேண்டும்?

பிள்ளை சேர்ந்தவுடன் நடக்கிற தரம் பிரிப்புத்தான் நான் சொல்ல வந்தது. வாத்தியார் ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்துவார். "பாடு" என்பார். நாலு கட்டையா, ஐந்து கட்டையா, அதற்கும் மேலே போகுமா? அந்தக் காலத்தில் மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில், அரையணா டிக்கெட்டில், மணலில் குந்தியிருப்பவன் காதில் பாட்டு விழவேண்டும். விழாவிட்டால் அவன் எழுந்து கூச்சல் போடுவான். ஆகவே ராஜபார்ட் யார் என்பதை முகமோ அறிவோ தீர்மானிக்கவில்லை, தொண்டை தீர்மானித்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று பிரித்துவிடுவார்கள். இவை எவற்றிலும் அடங்காதவர்களுக்குச் சேவகன், தோழி, கூட்டத்தில் ஒருவன். நடிகனுக்குச் சரீரமும் வேண்டும், சாரீரமும் வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கம்பெனி வீட்டில் சாரீரம் பதினைந்தணா என்றால் சரீரம் ஓரணா.

இதில் ஒரு பெரிய மோசம் இருந்தது. படத்தில் வருகிற பிள்ளைகளுக்கு வயது வர வரச் சக்தி வருகிறது. நம்முடைய கம்பெனிப் பிள்ளைகளுக்கு வயது வர வரச் சக்தி போயிற்று!

மகரக்கட்டு என்பார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில், நேற்று ராத்திரி வரை வெண்கல மணியாக ஒலித்த தொண்டை, இன்று காலையில் கிழிந்த தம்பட்டமாகிவிடும். ஹார்மோனியக்காரர் கட்டையைக் குறைத்துப் பார்ப்பார். மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் நடக்கும். மகரக்கட்டு இவற்றுக்கெல்லாம் மசிகிற வியாதியல்ல, வியாதியே அல்லவே! ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து நல்ல குரல் வந்தாலும் வரும். வராமலே போனாலும் போகும். அதுவரை கம்பெனி காத்திருக்குமா? நோட்டீஸ் அச்சடித்தாகிவிட்டது. புது லோகிதாசன் ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்து சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கிறான். பழைய ராஜபார்ட் வேல் பிடிக்கிற சேவகனாக இறங்குவான். அல்லது ஊருக்குப் போவான். எழுத்தறிவு கொஞ்சம், தொழில் தெரியாது, தெரிந்ததெல்லாம் ராஜா மாதிரி நடக்க. உடையும் குரலைக் கேட்டுக் கலங்காத கம்பெனிப் பையன் இருந்திருக்க முடியாது.

புதுக்கோட்டையில் 1916ல் பிறந்த சின்னப்பாவுக்கும் இது நேர்ந்தது. தகப்பனார் உலகநாதப் பிள்ளையும் நாடக நடிகரே. பையன் முதலில் மீனலோசனி சபையில் சில மாதங்கள் இருந்துவிட்டு, ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு மாறினான். பதினைந்து ரூபாய்ச் சம்பளத்தில் இருந்தவன் தனியாக உட்கார்ந்து பாடியதை முதலாளி சச்சிதானந்தம் பிள்ளை தற்செயலாகக் கேட்டு, சம்பளத்தை எழுபத்தைந்தாக்கினார் என்பார்கள். எழுபத்தைந்து ரூபாய் அன்று உத்தியோகஸ்தர் வாங்குகிற சம்பளம். அந்த ராஜயோகம் குரல் உடைந்தவுடன் முடிந்தது. கம்பெனியை விட்டு வெளியே வந்தார்.

மற்றவர்களிடமிருந்து சின்னப்பா வேறுபட்டது இதற்குப் பிறகுதான். ஊருக்குத் திரும்பியவர் குரல் வருகிற வரை கை கட்டிக்கொண்டு உட்காரவில்லை. முறையாகச் சங்கீதம் கற்றார். அதோடு சிலம்பம், கத்திச் சண்டை, எடை தூக்குதல் என்று உடம்பையும் வளர்க்கத் தொடங்கினார். ஓரணாவாக இருந்த சரீரத்தைப் பதினாறணாவாக்க முயன்றார் என்று சொல்லலாம். 1936ல் 'சந்திரகாந்தா' படத்தில் தலை காட்டினார். அதற்குப் பிறகு வந்த படங்கள் அவரை எங்கேயும் கொண்டு சேர்க்கவில்லை. அப்போதுதான் நம்முடைய சேலத்திலிருந்து அழைப்பு வந்தது.

அழைத்தவர் திருச்செங்கோட்டுக்காரர். திருச்செங்கோடு அன்று சேலம் ஜில்லா. 1997லிருந்து எங்கள் நாமக்கல் மாவட்டம். ஆகவே அவரை எங்கள் ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாட எனக்குப் பாத்தியதை உண்டு! டி. ஆர். சுந்தரம் 1907ல் பிறந்தவர். நெசவுத் தொழில் படிப்பதற்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போனார். நூலும் பாவுமாக வாழ்ந்திருக்க வேண்டியவர், திரும்பி வந்து ஏற்காட்டுச் சாலையில் மலையடிவாரத்தில் 1935ல் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1937ல் 'சதி அகல்யா' முதல் படம். 1938ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' இங்கேதான் உருவாயிற்று. 1956ல் தமிழின் முதல் முழு நீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கூட இங்கேதான். சென்னைக்குப் போகாமலே நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்த ஸ்தாபனம் அது. முதலாளியின் கண்டிப்பைப் பற்றி ஏராளமான கதைகள் உண்டு. மணி அடித்தால் வேலை, மணி அடித்தால் சாப்பாடு, மாதம் முடிந்தால் சம்பளம். நெசவாலை நடத்துவதற்குப் படித்த படிப்பு வீண் போகவில்லை. எனக்குத் தோன்றுவது என்னவென்றால், அந்த ஸ்டூடியோவே பெரியவர்களுக்கு ஏற்பட்ட ஒரு கம்பெனி வீடு. அதனால்தான் கம்பெனியில் வளர்ந்த நடிகர்கள் அங்கே தண்ணீரில் விட்ட மீனாக இருந்தார்கள்.

சுந்தரம் சின்னப்பாவைப் போட்டு எடுத்த படம் 1940ல் வந்த 'உத்தமபுத்திரன்'. இரட்டைப் பிறவிகளான இரண்டு அரச குமாரர்கள், ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன், இருவரும் சின்னப்பா. தமிழ்ப் படத்தில் ஒரே நடிகர் இரண்டு வேடம் போட்டது அதுவே முதல் தடவை என்பார்கள். அந்நாளில் இதற்குக் கையாண்ட உபாயம் கேட்கச் சுலபம், செய்யக் கஷ்டம். காமிராவின் கண்ணில் ஒரு பாதியை மறைத்துவிட்டு நடிகரை ஒரு பக்கம் நிறுத்திப் படம் பிடிப்பார்கள். பிறகு அதே பிலிமைப் பின்னால் சுற்றி, பிடித்த பாதியை மறைத்துவிட்டு, வேறு உடையில் அவரையே மறுபக்கம் நிறுத்திப் பிடிப்பார்கள். காமிரா ஒரு மயிரிழை அசைந்தாலும் போச்சு. நடிகர் இல்லாத ஆளைப் பார்த்துக் கோபிக்கவேண்டும். இல்லாத ஆள் பேசி முடிக்கிற நேரத்தை மனத்துக்குள் எண்ணவேண்டும். கம்பெனி வீட்டில் கூடச் சேர்ந்து நடிக்கிறவன் வசனம் முழுவதையும் நெட்டுருப் போட்டு வளர்ந்த ஒருவனுக்கு இது பெரிய காரியமில்லை.

ஜனங்கள் மயங்கிவிட்டார்கள். ஒரு மனிதன் இருவராவது! வானத்தில் மிதக்கும் பள்ளிக்கூடத்தில் இதைச் செய்து காட்டினால் அந்த உடற்பயிற்சி ஆசிரியர் நாயகர் வகுப்புக்கு உடனே அனுப்பியிருப்பார். சின்னப்பா இதோடு நிற்கவில்லை. 1944ல் கோயமுத்தூர் பட்சிராஜா எடுத்த 'ஜகதலப்பிரதாப'னில் ஒரு கச்சேரிக் காட்சி. பாடுகிறவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பா! சிலம்பமும் கத்தியும் கற்ற உடம்பு, கற்றுத் திரட்டிய சங்கீதம், காமிராவின் மாயம் மூன்றும் சேர்ந்துகொண்டன. குரல் உடைந்து துணையாள் வகுப்புக்குத் தள்ளப்பட்டவர் ஐந்து ஆளாக எழுந்து நின்றார். சம்பாதித்த பணத்தில் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கித் தள்ளினார் என்றும், இனிமேல் வாங்கக்கூடாது என்று சமஸ்தானமே தடுத்தது என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், ஊர் ஊராக வாடகைக் கம்பெனி வீட்டில் படுத்து வளர்ந்தவருக்கு வீட்டின் மேல் அவ்வளவு பசி இருந்ததில் வியப்பென்ன? 1951ல், முப்பத்தைந்தே வயதில், அவர் காலமானார்.

நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் சிறு வயதில் சேர்ந்த எம். என். நம்பியாருக்கும் சேலம்தான் திருப்பம். 1950ல் சுந்தரம் எடுத்த 'திகம்பர சாமியா'ரில் அவர் பதினொரு வேடங்களில் வந்தார். ஜனங்கள் அவரை நெடுங்காலம் வில்லன் என்று திட்டித் தீர்த்ததால், அவர் ஒரு காலத்தில் மாறுவேட நாயகராக விளங்கியதையே மறந்துவிட்டார்கள்.

ஆனால் துணையாள் வகுப்பு என்றால் மட்டமா? 'காளி' என். ரத்தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பாவுக்கும் எம். ஜி. ஆருக்கும் நடிப்புச் சொல்லிக் கொடுத்த வாத்தியார். நாயகர்களை உருவாக்கியவர். அவரே 1941ல் 'சபாபதி' படத்தில் எஜமானன் சொல்வதையெல்லாம் தலைகீழாகச் செய்கிற வேலைக்காரனாக வந்தார். எண்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த வேலைக்காரனுக்காகத்தான் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள். டி. கே. எஸ். கம்பெனியில் வளர்ந்த என். எஸ். கிருஷ்ணனோ, நாயகனை விடத் துணையாளுக்குக் கூட்டம் சேரும் என்று காட்டியே விட்டார். பேரன் போட்ட படத்திலும் இப்படித்தான்: கடைசியில் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுவது துணையாள் வகுப்புப் பிள்ளைகள். அதைக் கவிழ்க்க வருகிறவளும் ஒரு காலத்தில் தவறாகத் துணையாள் வகுப்பில் தள்ளப்பட்டவளே. அவளுடைய சக்தி என்னவென்று கண்டுகொள்ள அந்த ஆசிரியருக்குப் புத்தி போதவில்லை. அவள் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது, பேரனிடம் சொல்லவில்லை.

எம். ஜி. ஆர். விஷயத்துக்கு வருகிறேன். அவரும் சேலத்துக்கு வந்தார். 1950ல் 'மந்திரிகுமாரி', 1951ல் 'சர்வாதிகாரி'. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1954ல் பட்சிராஜா எடுத்த 'மலைக்கள்ளன்'. அந்தக் கதையை எழுதியவர் எங்கள் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. 1888ல் மோகனூரில் பிறந்தவர்; சுதந்தரப் போராட்டத்தில் சிறை சென்றவர். ஊருக்குத் தெரிய வியாபாரி அப்துல் ரஹீம். இரவில் ஏழைகளுக்கு உதவும் மலைக்கள்ளன். உண்மையில் காணாமற்போன குமாரவீரன். பகலில் ஒரு முகம், இரவில் முகமூடி! அமெரிக்காவில் இந்த மாதிரிக் கதாநாயகர்களை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது. காவேரிக் கரையில் பிறந்த ஒரு கதராடைக் கவிஞருக்கும் அதே கற்பனை வந்திருக்கிறது. தமிழில் வெற்றி பெற்று, தெலுங்கு, மலையாளம், கன்னடம், ஹிந்தி, சிங்களம் என்று ஐந்து மொழிகளில் மீண்டும் எடுக்கப்பட்ட கதை. தமிழ்ப் படம் ஒன்றுக்கு ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் முதலில் கிடைத்ததும் இதற்குத்தான்.

ஆனால் 'மலைக்கள்ள'னில் முகமூடியைவிடப் பெரிய ரகசியம் ஒன்று இருந்தது. திரையில் பாடுகிற உடம்பு எம். ஜி. ஆருடையது, கேட்கிற குரல் டி. எம். சௌந்தரராஜனுடையது. 1938ல் 'நந்தகுமார்' படத்தில் தமிழுக்கு வந்ததென்று சொல்லப்படும் பின்னணிப் பாட்டு முறை, பதினைந்து ஆண்டுகளில் நாயகனின் தொண்டையையே அவனிடமிருந்து கழற்றி எடுத்துவிட்டது. சரீரம் ஒருவருடையது, சாரீரம் இன்னொருவருடையது. ஹார்மோனியக் கட்டையை அழுத்தி "பாடு" என்று சொல்லிப் பிள்ளைகளை நாயகன், சேவகன் என்று பிரித்த அந்தத் தீர்ப்பு முழுவதும் ஒரே நாளில் அர்த்தமற்றதாகிவிட்டது. கிட்டப்பாவின் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்: பாடத் தெரியாதவன் ராஜபார்ட்டா!

குரல் போனதால் கம்பெனியிலிருந்து வெளியே போனவர்களுக்கு இந்தச் சேதி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. அதற்குக் காரணம் ஒரு மனிதர்.

என்னுடைய பத்து வயதில் நாமக்கல்லில் டூரிங் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே டிக்கெட் கிழிக்கிறவர் ஒருவர். ஐம்பதை நெருங்கியிருப்பார். நெற்றியில் பெரிய பொட்டு, தோள் வரை தொங்குகிற நரைத்த முடி. நடந்து வந்தால் அரண்மனைத் தாழ்வாரத்தில் நடக்கிற நடை; கையில் இருப்பதோ நாங்கள் கொடுத்த அரை டிக்கெட். சிறு வயதில் ஏதோ ஒரு பாலர் கம்பெனியில் ராஜபார்ட் போட்டவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பையன்கள் நாங்கள் "ராஜா டிக்கெட்" என்று பெயர் வைத்திருந்தோம். அவர் காதில் விழுந்தாலும் கோபிக்கமாட்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, உண்மையான ராஜா பிரஜையின் வணக்கத்தை ஏற்பது போல் ஏற்றுக்கொள்வார். அதுதான் எங்களுக்கு வேடிக்கை.

பழைய 'ஜகதலப்பிரதாபன்' மறுபடி வந்திருந்தது. அந்தக் கச்சேரிக் காட்சி முடிகிற சமயத்தில் பிலிம் அறுந்துபோயிற்று. இருட்டு. விசில், கூச்சல், மணலை வாரி இறைத்தல் எல்லாம் கிரமப்படி நடந்தன. ஒட்டுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. அப்போது திரைக்கு அருகே இருட்டில் யாரோ வசனம் பேசுகிற சத்தம் கேட்டது. ராஜா சபைக்கு வருகிற கட்டத்து வசனம். மைக் இல்லை, ஒன்றும் இல்லை; பெண்கள் பக்கத்துக் கடைசி வரை அது தெளிவாகப் போயிற்று. கூச்சல் அடங்கிவிட்டது. யாரென்று எங்களுக்கு உடனே தெரிந்தது. வசனம் முடிந்தவுடன் பாட்டு எடுத்தார். முதல் வரி சரியாக வந்தது. மேலே ஏறவேண்டிய இடத்தில் தொண்டை பிளந்தது. நிறுத்தினார். கொஞ்சம் கீழே இறக்கி எடுத்தார். மறுபடி அதே இடம், அதே பிளவு. மூன்றாவது தடவை எடுக்கப் போகிறார். ஆபரேட்டர் பிலிமை ஒட்டிவிட்டார். வெளிச்சம் வந்தது. திரையிலே சின்னப்பா, திரைக்கு முன்னால் கை தூக்கியபடி டிக்கெட் கிழிக்கிறவர். சின்னப்பாவின் முகம் பாதி துணியிலும் பாதி இவருடைய சட்டையிலும் விழுந்தது.

"ஏனுங்க, மறைக்காதீங்க! உக்காருங்க!" என்று நாலு பக்கத்திலும் கத்தினோம். நானும் கத்தினேன்.

இதைப் பேரனிடம் சொல்ல வேண்டி வந்தது, படத்தில் பஸ் ஓட்டுகிற ஆளினால். அவனுடைய தாய் தந்தை இருவரும் சக்தி படைத்தவர்கள். அவனுக்கு மட்டும் கடைசி வரை ஒன்றும் வரவில்லை. அதனால் மற்றப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கி விடுகிற வேலை. அதையும் அவன் பெருமையோடு செய்கிறான். பேரன் அந்த ஆளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். நான் படத்தை நிறுத்தச் சொல்லி, டூரிங் கொட்டகைக் கதையைச் சொன்னேன்.

கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அவருக்குக் கொரல் திரும்பி வரவே இல்லீங்களா அப்புச்சி?" என்றான். 'கொரல்' என்ற சொல்லின் நடுவிலேயே அவன் குரல் உடைந்து கீழே விழுந்தது. அவனே வெட்கப்பட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டான்.

"வரலை" என்றேன்.

"இந்த பஸ் மாமாவுக்குக் கடைசியிலே சக்தி வந்துரும். பாருங்க" என்று சொல்லி, படத்தை மறுபடி ஓடவிட்டான்.